நீயா, நீங்களா? வடசென்னை வாசகர்களின் மொழிபெயர்ப்புக் கேள்விகள்

ஸ்பானிஷ் கதை ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குகிறேன். மகன் தாயிடம் பேசும் இடத்தில் ‘நீ’ போடுவதா, ‘நீங்கள்’ போடுவதா?
– வாசகி, தண்டையார்பேட்டை

ஆங்கிலப் பிரதியில் இதற்கு விடை இருக்காது. ஸ்பானிஷில் ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தேத்’ என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டுமே ‘யூ’தான். ஆங்கிலத்தில் தொலைந்ததைத் தமிழில் மீட்டுவிடலாம், மூலப்பிரதி பக்கத்தில் இருந்தால். மொழி சரளமாகத் தெரிய வேண்டியதில்லை. ஸ்பானிஷ்காரர்களும் நம்மைப் போலவே எழுவாயை விட்டுவிடுவார்கள். எனவே வினைமுற்றைப் பாருங்கள். ‘கோமோ எஸ்தாஸ்’ என்றால் ‘எப்படி இருக்கே?’, கடைசி ‘ஸ்’ இல்லாமல் ‘கோமோ எஸ்தா’ என்றால் ‘எப்படி இருக்கீங்க?’. ஆனால் ‘அவன் எப்படி இருக்கிறான்?’ என்பதற்கும் இதே ‘எஸ்தா’தான், யாரைப் பற்றிய பேச்சு என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்துபோன செயலைச் சொல்லும் இறந்தகாலத்தில் ‘நீ’க்கு உரிய வினை ‘ஸ்தே’ என்று முடியும். அர்ஜென்டினக் கதைகளில் ‘தூ’வுக்குப் பதில் ‘வோஸ்’ வரும், அதுவும் ‘நீ’தான்.

இதை அப்படியே எந்திரம்போலப் பெயர்த்தாலும் கெட்டுவிடும். கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில் அண்ணன் தம்பிகளே ‘உஸ்தேத்’ போட்டுப் பேசுவார்கள். அதில் விலகல் இல்லை. உங்கள் தெருவில் ‘அம்மா, நீ சாப்ட்டியா?’ என்பதில் மரியாதைக்குறைவு இல்லாதது போலத்தான். ஆகவே, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அழைப்பு மாறும் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். அதுவரை ‘தூ’ என்ற மனைவி திடீரென ‘உஸ்தேத்’ என்றால் அங்கே சண்டை மூண்டிருக்கிறது.

கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலின் முதல் வரியில், அப்பா மகனை அழைத்துப்போவது பனிக்கட்டியைக் ‘கண்டுபிடிக்க’வா?
– வாசகர், காசிமேடு

மூலத்தில் இருப்பது ‘கோனோசெர்’. ஓர் ஆளை முதன்முறை சந்திப்பதற்கும், கடலை முதன்முறை பார்ப்பதற்கும் அதே சொல். 1970இல் வந்த ஆங்கிலப் பெயர்ப்பில் கிரகரி ரபாஸா ‘டிஸ்கவர்’ என்று போட்டார். ஆங்கிலத்துக்கு அருமையான தேர்வு. அதைத் தமிழில் ‘கண்டுபிடிக்க’ என்றால் பையன் விஞ்ஞானி ஆகிவிடுவான். ‘முதன்முதலாகப் பார்க்க’ என்பதே என் தேர்வு. ‘ஐஸ்’ என்றும் போட மாட்டேன். தினமும் ஐஸ் பாரை உடைத்துப் படகில் ஏற்றும் காசிமேட்டில் அந்தச் சொல்லில் வியப்பே மிச்சமில்லை. தொட்ட பையன் அது கொதிக்கிறது என்கிறான். அந்தத் திகைப்புக்குப் ‘பனிக்கட்டி’தான் சரி.

இன்னொரு சிக்கல்: ஸ்பானிஷ் வாக்கியம் பனிக்கட்டியில் போய் முடிகிறது. தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால் பனிக்கட்டி நடுவில் புதைந்துபோகும். வாக்கியத்தை இரண்டாக உடைத்தாவது அதைக் கடைசிக்குக் கொண்டுவாருங்கள்.

ஆங்கிலப் பெயர்ப்புகளால் இலக்கியத்தில் என்ன மாறியது?
– வாசகர், பெரம்பூர்

போக்குவரத்து இருபுறமும் நடந்தது. அமெரிக்கரான ஃபாக்னரின் நாவல் ஒன்றை 1940இல் அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸ் ஸ்பானிஷுக்குக் கொண்டுவந்தார். அந்த ஃபாக்னரைத் தன் ஆசான் என்று 1982 நோபல் உரையில் சொன்னவர் மார்க்கேஸ். மார்க்கேஸ் ஆங்கிலத்துக்குப் போனபின் ஆங்கிலத்தில் எழுதும் சல்மான் ருஷ்டி போன்றோர் அவரிடம் கற்றார்கள். அன்றாட வாழ்வில் மாயத்தை இயல்பாகக் கலந்து சொல்லும் மாய யதார்த்தம் தமிழுக்குப் பெரும்பாலும் அந்த ஆங்கிலம் வழியாகத்தான் வந்தது.

மொழிபெயர்த்து வெளியிட அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகர், வியாசர்பாடி

வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 2014இல் மறைந்த மார்க்கேஸுக்கு 2074 முடியும்வரை. ஆங்கிலம் வழியாகப் பெயர்த்தால் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் தரப்பிலும் தனியே அனுமதி வாங்குங்கள். செர்வாந்தெஸ் நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘தோன் கிஹோத்தே’ நாவலின் ஸ்பானிஷ் மூலத்துக்கு உரிமைத் தடை இல்லை. ஆனால் 2003இல் வந்த ஈடித் கிராஸ்மனின் ஆங்கிலப் பெயர்ப்புக்கு உண்டு. 1885இல் வந்த ஜான் ஆம்ஸ்பியின் பெயர்ப்புக்கு இல்லை.