கூப்பர்ஸ்டவுனுக்குள் யார் போக வேண்டும்? பேஸ்பால் கேள்வி பதில்

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் இருக்கிறது பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம், ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் மண்டபம். ஓய்வு பெற்ற எந்த வீரருக்கு அங்கே இடம் தர வேண்டும் என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

வாக்களிப்பது யார்? ரசிகர்களா?

ரசிகர்கள் அல்லர். அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்து ஆண்டுகள் உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்கள். பெரிய லீக்கில் (அமெரிக்காவின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக்) குறைந்தது 10 பருவங்கள் ஆடி, ஓய்வு பெற்று 5 ஆண்டுகள் கடந்தவரே பட்டியலுக்கு வர முடியும். ஒருவர் அதிகபட்சம் 10 பெயர்களைக் குறிக்கலாம். 75 சதவீதம் கிடைத்தால் தேர்வு. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த ஆண்டோடு பெயர் நீங்கிவிடும். இடையில் இருப்பவர்கள் 10 ஆண்டுகள் வரை காத்திருக்கலாம். அதிலும் தவறியவர்களுக்கு 16 பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. அங்கே 12 வாக்குகள் வேண்டும்.

பாரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தவர். அவருக்கே இடமில்லை என்றால் அந்த மண்டபத்துக்கு என்ன மதிப்பு?

உங்கள் கோபம் நியாயமானது. 2022-இல், கடைசி வாய்ப்பில், அவருக்குக் கிடைத்தது 66 சதவீதம். பந்துவீச்சாளர் ரோஜர் கிளெமென்ஸுக்கு 65. காரணம் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு. எனக்கு வாக்கு இருந்தால் இருவரையும் குறித்திருப்பேன். ஊக்கமருந்துப் பரிசோதனையில் பிடிபட்டால் தண்டனை என்ற ஏற்பாடு 2004-க்கு முன்னால் பெரிய லீக்கில் இல்லை. அந்தக் காலம் முழுவதும் நிர்வாகத்தின் தலைமையில் இருந்த கமிஷனர் பட் செலிக்கை 2017-இல் மாலை மரியாதையோடு உள்ளே அழைத்துக்கொண்டார்கள். நிர்வாகிக்கு மன்னிப்பு, ஆட்டக்காரருக்குத் தண்டனை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தேகம் எழுவதற்கு முன்பே, 1998 முடிவில், பாண்ட்ஸ் 400 ஹோம் ரன்னும் 400 ஸ்டோலன் பேஸும் (சக வீரர் பந்தை அடிக்கும்வரை காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) கடந்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்படியானால் அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கும் வாக்களிப்பீர்களா?

மாட்டேன். விதி தெளிவாக எழுதப்பட்ட பிறகு அதை மீறியவர். 2014 பருவம் முழுவதும் தடையில் இருந்தவர். அவர் அடித்த 696 ஹோம் ரன்களும் என் முடிவை மாற்றாது.

பீட் ரோஸ் மேல் இருந்த தடை நீங்கிவிட்டதே. இனி என்ன?

அவருடைய 4,256 ஹிட்களை (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை அடைவது) இன்றுவரை பெரிய லீக்கில் யாரும் தாண்டவில்லை. சூதாட்டத்துக்காக 1989-இல் வாழ்நாள் தடை பெற்றார். சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மேலாளராக இருந்தபோதே அந்த அணியின் ஆட்டங்களில் பந்தயம் கட்டியதைப் பல ஆண்டுகள் மறுத்துவிட்டு, 2004-இல்தான் ஒப்புக்கொண்டார். 2024 செப்டம்பரில் இறந்தார். இறந்தவர்களுக்குத் தடை பொருந்தாது என்று 2025 மே மாதம் கமிஷனர் அறிவித்ததால், 2027 டிசம்பரில் குழுவின் முன் அவர் பெயர் வரலாம். 1919 உலகத் தொடரின் (பருவ முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடர்) சூதாட்ட ஊழலில் சிக்கிய ஜோ ஜாக்சனுக்கும் அதே வழி திறந்திருக்கிறது. சூதாட்டத்துக்கு எதிரான விதி ஒவ்வோர் அணியின் உடைமாற்றும் அறையிலும் ஒட்டப்பட்டிருக்கும். அதைத் தினமும் பார்த்தவர் ரோஸ். என் பதில்: வேண்டாம்.

இச்சிரோவுக்கு ஏன் ஒரு வாக்கு குறைந்தது?

2025-இல் 394 பேரில் ஒருவர் மட்டும் குறிக்கவில்லை. 2020-இல் டெரெக் ஜீட்டருக்கும் இதேதான் நடந்தது. எழுத்தாளர் வாக்கில் நூறு சதவீதம் பெற்ற ஒரே ஒருவர் மரியானோ ரிவேரா. இச்சிரோவும் ஜீட்டரும் உள்ளே வந்துவிட்டார்கள்; இதில் வருந்த ஒன்றுமில்லை.

உங்கள் பார்வையில் மிகப் பெரிய அநீதி யாருக்கு?

லூ விட்டேக்கருக்கு. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 1977 முதல் 1995 வரை டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு மட்டுமே ஆடிய செகண்ட் பேஸ்மேன் (இரண்டாம் பேஸ் அருகே நிற்கும் தடுப்பாட்டக்காரர்) அவர். பக்கத்தில், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே, ஷார்ட்ஸ்டாப்பாக நின்றவர் ஆலன் டிராமல். இருவரும் சேர்ந்து ஆடிய ஆட்டங்கள் 1,900-க்கும் மேல். 1984-இல் உலகத் தொடரைச் சேர்ந்தே வென்றார்கள். மட்டை, ஓட்டம், தடுப்பு அனைத்தையும் சேர்த்து ஒரு வீரர் தன் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்று மதிப்பிடும் 'வார்' என்ற கணக்கு உண்டு. அதில் விட்டேக்கருக்கு 75. ஜீட்டருக்கு 71தான், டிராமலும் விட்டேக்கருக்குக் கீழேதான். ஆனால் 2001-இல், முதல் ஆண்டிலேயே, 2.9 சதவீதத்தோடு விட்டேக்கரின் பெயர் அழிந்தது. டிராமல் 2018-இல் உள்ளே போய்விட்டார்.

அவர் அமைதியானவர், பேட்டிகளை நாடாதவர். வாக்குச்சீட்டு பத்திரிகையாளர்கள் கையில் இருக்கும்போது இது ஒருவரை எவ்வளவு பாதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கென்னி லாஃப்டனும் 622 ஸ்டோலன் பேஸ்களோடு 2013-இல் 3.2 சதவீதத்தில் வெளியேறினார். அந்த ஆண்டு பெரிய பெயர்கள் குவிந்து, வாக்குகள் சிதறி, எழுத்தாளர்கள் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. பாண்ட்ஸ் பற்றி உரக்கப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவர்களுக்காகப் பேச ஆளில்லை. அந்த 5 சதவீத விதியை எடுத்துவிட வேண்டும்.

ஐயா, ஆட்டத்தை மாற்றியவர்களுக்கும் இடம் உண்டுதானே? கர்ட் ஃபிளட்?

கட்டாயம் இருக்க வேண்டும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 1969-இல் அவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்குக் கைமாற்றியது. நான் விலைக்கு வாங்கி விற்கும் பொருள் அல்ல என்ற கருத்தில் கமிஷனருக்குக் கடிதம் எழுதி, 1970 பருவத்தையே துறந்து வழக்காடினார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். ஆனால் மூன்றே ஆண்டுகளில் வேறு இரு வீரர்களின் வழக்கில் நடுவர் தீர்ப்பு வந்து, அணி மாறும் உரிமை பிறந்தது. சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதை 7 முறை வென்றவர் ஃபிளட். 1997-இல் மறைந்தார். இன்றும் வெளியே இருக்கிறார்.

இறந்த பிறகாவது கொடுக்கிறார்களே, அது போதாதா?

போதாது. பக் ஓ'நீல் கறுப்பினத்தவர் லீக்கில் ஆடியவர். அந்த லீக்கின் நினைவைக் காக்க ஊர் ஊராக அலைந்தவர். 2006-இல் அந்த லீக் காலத்துக்காக 17 பேரைத் தேர்ந்தெடுத்த சிறப்புக் குழு, 94 வயதான அவரை விட்டுவிட்டது. ஆனாலும் விழா மேடையில் அந்தப் பதினேழு பேருக்காகவும் பேசினார். சில மாதங்களில் இறந்தார். 2021 டிசம்பரில்தான் தேர்வானார். ரான் சாண்டோவும் டிக் ஆலனும் இதே கதிதான்.

விட்டேக்கருக்கு அடுத்த வாய்ப்பு எப்போது?

2025 டிசம்பர் குழுவின் பட்டியலில் அவர் பெயரே இல்லை. அவர் காலத்து வீரர்களுக்கான அடுத்த வாக்கெடுப்பு 2028 டிசம்பரில். அப்போது அவருக்கு 71 வயது.