சோல், ஆர் அண்ட் பி இரண்டும் அமெரிக்கக் கருப்பினத்தவரின் இசை வகைகள். வெள்ளைக்காரர்கள் பாடிய அந்த வகைப் பாடல்களைக் கருப்பின ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்களா?

ஆளைப் பொறுத்தது. வெள்ளைக்காரப் பாடகி டீனா மேரியை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பினக் கலைஞர்களின் இசைக்குப் பேர்போன மோடவுன் குழுமம் 1979-இல் வெளியிட்ட அவருடைய முதல் ஆல்பத்தின் அட்டையில் அவர் படமே இல்லை. குரலை மட்டும் கேட்ட பலரும் கருப்பினப் பெண் என்றே நினைத்தார்கள். தயாரித்தவரும் சாதாரண ஆள் இல்லை, புகழ்பெற்ற கருப்பினப் பாடகர் ரிக் ஜேம்ஸ். அடுத்த ஆண்டு ஆல்பத்தில் முகம் தெரிந்தது. யாரும் அவரைக் கைவிடவில்லை. கடைசிவரை கருப்பின ரசிகர்கள்தான் அவருடைய பலம்.

அப்புறம், வெள்ளைக்காரப் பாடகர்கள் மேல் கோபம் எங்கிருந்து வந்தது? 1956-இல் கருப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் ‘டுட்டி ஃப்ரூட்டி’ பாடலை வெள்ளைக்காரரான பாட் பூன் உப்புச்சப்பில்லாமல் பாடினார். பாப் பட்டியலில் அசலைவிட மேலே ஏறியது அதுதான். வெள்ளையர் வானொலிகள் அதைத்தான் விரும்பிப் போட்டன. வயிற்றெரிச்சல் வராமல் இருக்குமா?