ராத்திரி வலி வந்தால் யார் போனை எடுப்பார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. கன்னத்தில் புற்றுநோய். ஆபரேஷன், கரண்ட் வைப்பது எல்லாம் முடிந்தும் திரும்ப வந்துவிட்டது. ‘இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கோவையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீடு சேலம் அம்மாபேட்டை, நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. மூன்று இடங்களில் விசாரித்தோம். ஒன்று, வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஹோம் நர்சிங் ஏஜென்சி. இன்னொன்று, வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் கேர் குழு. மூன்றாவது, ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லம். ‘ஹாஸ்பிஸ் வசதி உண்டு’ என்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் அண்ணன், ‘ஏற்காடுதான் நல்லது, அப்பா குளுகுளு என்று இருப்பார், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். எந்த இடம் தரமானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. அதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏஜென்சி அனுப்புவது ஆளை. குளிப்பாட்ட, புரட்டிப் போட, டயப்பர் மாற்ற, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற ஒரு கை. நல்ல ஆள் அமைந்தால் அம்மாவுக்குப் பெரிய உதவிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவுக்கு வலி கூடினால் அந்த ஆளால் மருந்தை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. முதியோர் இல்லம் தருவது இடமும் சாப்பாடும் கவனிப்பும். நோயின் வலியையும் மூச்சுத்திணறலையும் புண்ணையும் மருந்தால் கட்டுக்குள் வைப்பது பாலியேட்டிவ் கேர் குழுவின் வேலை. அந்தக் குழு வீட்டுக்கு வரலாம், ஆஸ்பத்திரியில் இருக்கலாம், குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் ஹாஸ்பிஸ் என்ற தனிக் கட்டடத்திலும் இருக்கலாம். போர்டில் என்ன எழுதியிருந்தாலும், மருந்து எழுதும் மருத்துவர் யார், அவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று கேளுங்கள். ‘தேவைப்பட்டால் வெளியிலிருந்து டாக்டரைக் கூப்பிடுவோம்’ என்று சொன்னால், அது தங்கும் இடம், அவ்வளவுதான்.

அடுத்து மார்ஃபின். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்க அனுமதி என்றால் இதைத்தான் கேட்பேன்: ‘உங்களிடம் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா?’

புற்றுநோயின் கடும் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வகுத்துக் கொடுத்த படிநிலையில் உச்சிப்படியில் இருக்கும் மருந்து அது. விலையும் அதிகமில்லை. ஆனாலும் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. நம் நாட்டில் போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் பல வருடங்கள் ஆஸ்பத்திரிகளே அதை வாங்கி வைக்கப் பயந்தன. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ஃபின் உள்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலுக்கு வந்தன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்கி, வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவரை வைத்திருக்கும் நிறுவனம் இன்று அதை முறைப்படி இருப்பு வைத்துக் கொடுக்கலாம். ஆகவே, ‘அங்கீகாரம் எங்களிடமே இருக்கிறதா, இல்லையென்றால் எங்கிருந்து வாங்கித் தருவீர்கள்?’ என்று நேரடியாகக் கேளுங்கள். தயங்க வேண்டாம். நல்ல குழு சந்தோஷமாகப் பதில் சொல்லும்.

எந்தப் பதில் கேட்டால் எழுந்து வந்துவிடலாம் என்றும் சொல்கிறேன். ‘அதெல்லாம் போதை மருந்து, பழக்கமாகிவிடும்.’ ‘அது கடைசி நேரத்தில்தான் கொடுப்பது.’ ‘ட்ரமடால் போதும் சார்.’ ட்ரமடால், மார்ஃபினைவிட வீரியம் குறைந்த வலி மருந்து; அந்த மூன்றாவது பதில் சில பேருக்குச் சரியாகவே இருக்கலாம். ஆனால் ட்ரமடாலுக்கு ஒரு உச்ச அளவு உண்டு, அதற்கு மேல் வலி போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் தவறான பதில்கள். வலிக்காகச் சரியான அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும்போது போதைப் பழக்கம் பெரிய பயமில்லை. வலி எப்போது கடுமையாகிறதோ அப்போதே தொடங்கலாம், கடைசி நேரம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

மருந்து இருப்பது ஒன்று, கொடுக்கத் தெரிவது இன்னொன்று. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நாலு மணி நேரம்தான். அதனால் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். ‘வலித்தால் ஒன்று போடுங்கள்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அப்பா நாள் முழுக்க வலியைத் துரத்திக்கொண்டே இருப்பார். நேரத்துக்குக் கொடுப்பதைத் தாண்டி இடையில் வலி எகிறினால் போட ஒரு கூடுதல் அளவும் சீட்டில் இருக்க வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து முதல் நாளிலிருந்தே. மார்ஃபின் எழுதிய சீட்டில் மலமிளக்கி இல்லை என்றால் எழுதியவருக்கு இதில் கை பழகவில்லை என்று அர்த்தம். உங்கள் அப்பாவுக்கு வாய் திறக்க முடியாமல் மூக்குக் குழாய் வந்திருக்கலாம், அல்லது வரலாம். சாதாரண மாத்திரையைக் கரைத்துக் குழாயில் விடலாம்; மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். வீட்டுக்கு வரும் நர்சுக்கு இந்த வித்தியாசம் தெரிகிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். தோலில் ஒட்டும் வலி மருந்தான ஃபென்டானில் பேட்ச் கொடுத்தால், மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒட்டிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கூடாது என்று அவர்களாகவே சொல்ல வேண்டும்.

வாய்ப் புற்றுநோயில் வலியோடு வேறு சில தொல்லைகளும் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் வீட்டையே முடக்கிப்போடும். புண்ணின் வாடை அதில் ஒன்று. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வரமாட்டார்கள், அப்பாவுக்கு அது புரியும், அவரே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ‘புண் வாடை அடித்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டுவோம்’ என்பதுபோல ஒரு பதில் சட்டென்று வந்தால் அனுபவம் உள்ளவர்கள். புண்ணில் ஈ உட்கார்ந்து புழு வைப்பதும் நடக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்காத நர்சுதான் உங்களுக்கு வேண்டும்.

இன்னொன்று ரத்தக்கசிவு. கழுத்துப் பக்கம் புண் பரவியிருந்தால் திடீரென்று அதிகமாக ரத்தம் வரும் வாய்ப்பு உண்டு. எல்லாருக்கும் வருவதில்லை. இப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லி, கறுப்பு அல்லது கரும்பச்சைத் துண்டுகள் நாலைந்து எடுத்து வைக்கச் சொல்லி, தூக்க மருந்து ஒன்றை எப்போது எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகும் குழு, நீங்கள் பயப்படுவீர்களே என்று மறைக்கும் குழுவைவிடப் பல மடங்கு மேல். முன்கூட்டிச் சொல்லாத வீடுகளில் பதறிப்போய் 108ஐக் கூப்பிட்டு, ஐ.சி.யூ.வுக்குள் போய், வென்டிலேட்டர் வரை போய்விடுகிறது. அப்பாவுக்கு அது வேண்டாம் என்றால் அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் அதற்கு வழிவிட்டது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டால் போதும்.

சரி, ராத்திரிக்கு வருவோம். பகல் பத்து மணிக்கு எல்லாரும் நன்றாகத்தான் பேசுவார்கள். சேர்வதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு அவர்கள் கொடுத்த அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள். யார் எடுக்கிறார்கள்? நோயாளியைத் தெரிந்த நர்சா, வாட்ச்மேனா? ‘காலையில் கூப்பிடுங்கள்’ என்கிறார்களா? எல்லா ராத்திரியும் ஆள் நேரில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சேலத்தில் அப்படி வருவது கஷ்டமும்கூட. ஆனால் போனில் ஒருவர் நிதானமாகப் பேசி, ‘நான் தனியாகக் கவரில் போட்டு வைத்தேனே, அதில் பாதி மாத்திரை கொடுங்கள், அரை மணி கழித்து நானே கூப்பிடுகிறேன்’ என்று சொன்னால் அதுவே பெரிய சிகிச்சை. அந்தக் கவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

முதல் வருகையைக் கவனித்துப் பாருங்கள். நல்ல குழு உட்காரும். ஃபைலைப் புரட்டுவதற்கு முன் அப்பாவிடம் பேசும். டார்ச் அடித்து வாயைப் பார்க்கும், ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகையும் இடுப்பெலும்பையும் பார்க்கும். அவருக்குத் தன் நோயைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று உங்களைத் தனியாகக் கேட்கும். கடைசியாக, ‘நீங்கள் தூங்கி எத்தனை நாளாச்சும்மா?’ என்று உங்கள் அம்மாவிடம் கேட்கும். மோசமான குழு வந்ததும் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடும். தப்பு அவர்களுடையது மட்டும் இல்லை. ‘ஒரு பாட்டில் ஏத்தினா தெம்பா இருக்குமே’ என்று கேட்பது நாம்தான். கடைசி நாட்களில் உடம்பு தண்ணீரைத் தாங்காது, காலில் வீங்கும், நெஞ்சில் சளியாகக் கட்டும். உங்களோடு சண்டை போட்டாவது இதை விளக்கும் மருத்துவரை நான் நம்புவேன்.

தங்கும் இடம் என்றால் சொல்லாமல் ஒரு சாயங்காலம் போய் வாருங்கள். ரிசப்ஷனில் உட்காராதீர்கள். படுக்கையில் இருப்பவர்களின் உதடு வறண்டிருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, ஆண்களுக்கு ஷேவ் செய்திருக்கிறதா? ரெண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட்டதற்குக் குறிப்பு கட்டிலோடு இருக்கிறதா? ராத்திரி உறவினர் ஒருவர் கூடத் தங்கலாமா? தங்கக் கூடாது என்றால் காரணம் கேளுங்கள். மருத்துவ நிறுவனப் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். இந்தச் சட்டம் தமிழ்நாட்டில் 1997லிருந்து இருக்கிறது. நாலாம் நிலைப் புற்றுநோயைக் குணமாக்குகிறோம் என்ற போஸ்டர் அதே சுவரில் இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஏற்காட்டைப் பற்றி உங்கள் அண்ணன் சொல்வது ஆசையில் சொல்வது. அவரோடு சண்டை வேண்டாம், ஆனால் இதை எடுத்துச் சொல்லுங்கள். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கழுத்தைத் திருப்ப முடியாதவருக்கு அந்தப் பயணமே ஒரு வேதனை. மே மாதக் கோடை விழா சமயத்தில் வண்டி நகராது. பெருமழையில் மண் சரிந்து பாதை அடைபடும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தின் பனியும் குளிரும் மூச்சுத்திணறல் உள்ளவருக்கு இதமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், பட்டறை வேலை முடித்து நீங்கள் தினமும் மலையேற முடியாது. அந்த இல்லத்தில் மருந்து எழுதும் மருத்துவரும் மார்ஃபினும் நிச்சயம் உண்டென்றால் மட்டும் யோசியுங்கள். மலையிலேயே வசிக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ வீடு இருப்பவரைக் கீழே இறக்கிக் கொண்டுவருவதுதான் தப்பாக இருக்கும். அவர்களுக்கு ஒரு வார மருந்தும் போன் தொடர்பும் கொடுக்கும் குழுவைத் தேட வேண்டும்.

என் யோசனை: பாலியேட்டிவ் குழுவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அம்மாவுக்குத் துணையாக ஏஜென்சியிலிருந்து பகலுக்கு மட்டும் ஒரு ஆள். அண்ணன் தரும் பணம் அந்தச் சம்பளத்துக்கும் ஏர் பெட்டுக்கும் போகட்டும். வட்டாரத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெயர் கொடுத்து வையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து நோய் ஆதரவுச் சிகிச்சை தரும் செவிலியரும் உண்டு, செலவில்லை. நீங்கள் சேரும் குழு தனியாருடையது என்பதற்காக இந்த அரசு உதவியை விட வேண்டியதில்லை. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலும் மார்ஃபின் கிடைக்குமா என்று விசாரித்து வையுங்கள்.

பணம் பேசும்போது ஒரு வருகைக்கு எவ்வளவு, ராத்திரி வருகைக்கு எவ்வளவு, கட்டுப்போடும் சாமான் யாருடையது என்பதை எழுதி வாங்குங்கள். இலவசக் குழு என்றாலும் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்கக் கூச்சம் வேண்டாம். வீட்டில் இறப்பு நேர்ந்தால் காரணச் சான்றிதழ் அவர்களே தருவார்களா என்பதையும் இப்போதே கேளுங்கள்; 21 நாளுக்குள் இறப்பைப் பதிய அது உதவும், அந்த நேரத்தில் டாக்டரைத் தேடி அலைய வேண்டியிருக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு முன் அதே குழுவிடம் பார்த்துப் பெரியவரை இழந்த ஒரு குடும்பத்தின் எண்ணை, அவர்கள் சம்மதத்தோடு, வாங்கித் தரச் சொல்லுங்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது, ‘கடைசி மூன்று நாள் எப்படிப் போனது?’

சேர்ந்த பிறகு ஒரு நோட்டில் தினமும் மூன்று வேளை அப்பாவின் வலியைப் பத்துக்கு எத்தனை என்று அவரையே கேட்டு எழுதுங்கள். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதையும் குறியுங்கள். ஒரு வாரத்தில் எண் இறங்கவில்லை, நோட்டைக் காட்டியும் மருந்தை மாற்றவில்லை என்றால் குழுவை மாற்றுங்கள். போகும்போது மார்ஃபின் எந்த அளவில், எந்த நேரத்தில் கொடுத்தார்கள் என்ற சீட்டை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். புதியவர்கள் அந்த அளவிலிருந்துதான் தொடர வேண்டும்.