நீர்க்கட்டி கரையுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 23. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். இரண்டு வருடமாக மாதவிடாய் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. எடை 9 கிலோ கூடிவிட்டது. தாடையில் முடி வளர்கிறது. ஸ்கேன் எடுத்தபோது இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்றார்கள். 10 நாள் மாத்திரை சாப்பிட்டால் வருகிறது. விட்டால் மறுபடி நின்றுவிடுகிறது. இப்போது வந்து நான்கு மாதம் ஆகிறது. கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. கட்டி கரையுமா? ஆபரேஷன் வேண்டுமா? எனக்குக் குழந்தை பிறக்குமா?

பதில்: உங்களைப் பயமுறுத்துவது அந்தக் 'கட்டி' என்ற சொல்தான். ஆனால் ஸ்கேனில் தெரிந்தவை கட்டிகளே அல்ல. மாதாமாதம் சினைப்பையில் சில நுண்ணிய பைகள் வளரத் தொடங்கும். அதில் ஒன்று மட்டும் சுமார் 2 சென்டிமீட்டர் வரை பெரிதாகி, வெடித்து, கருமுட்டையை வெளியே விடும். உங்களுக்குப் பல பைகள் வளரத் தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. சினைப்பையின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தவை அவைதான். கரைக்க அங்கே எதுவும் இல்லை. 1935-இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்தக் கோளாறைப் பற்றி எழுதியபோது, சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தே சிகிச்சை செய்தார்கள். இன்று உங்கள் நிலையில் இருப்பவருக்கு ஆபரேஷன் தேவையில்லை.

சரி, முட்டை ஏன் பாதியில் நிற்கிறது? கண்ணாடி முன் நின்று கழுத்தின் பின்பக்கத்தையும் அக்குளையும் பாருங்கள். தோல் தடித்து, வெல்வெட் துணி போலக் கறுத்திருக்கிறதா? என்னிடம் வந்த ஒரு பெண் ஷாலைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை. "அழுக்கு டாக்டர், இவ தேய்ச்சுக் குளிக்கிறதே இல்ல" என்றார் அவள் அம்மா. எடுத்துப் பார்த்தால், பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்திருந்தது. அது அழுக்கு இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், அதை ஈடுகட்டக் கணையம் இன்னும் இன்னும் சுரப்பதன் அடையாளம். மிஞ்சிப்போன அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. முட்டை முதிராமல் போவதற்கும் தாடை முடிக்கும் இதுவே பெரும்பாலும் காரணம். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரும் என்பதால், 'தின்று தின்று வந்தது' என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

அந்த 10 நாள் மாத்திரை வீண் என்று நினைக்க வேண்டாம். முட்டை வெளிவந்தால்தான் புரொஜெஸ்டிரோன் போதிய அளவு சுரக்கும். அது இல்லாதபோது கருப்பையின் உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். மாத்திரை அந்த ஹார்மோனைக் கொடுக்கிறது; நிறுத்தியதும் சுவர் உதிர்கிறது. நோயின் வேரை அது தொடாது, ஆனால் கருப்பையைக் காக்கும். ஆண்டுக்கணக்கில் உதிராமலே இருந்தால் உள்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப்போக விடக்கூடாது என்கிறோம். உங்களுக்கு நான்கு ஆகிவிட்டது. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நாள் தள்ளிப்போய் வரும் எல்லோருக்கும் செய்வதுதான்.

ஸ்கேனை மட்டும் வைத்து இந்த நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டு குறைந்தாலும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடினாலும் மாதவிடாய் தள்ளிப்போகும். இந்த இரண்டையும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனையும் ரத்தத்தில் பாருங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் சீக்கிரம் வரலாம்.

எடை 70 கிலோ என்று வைத்துக்கொண்டால், மூன்றரை கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஓரளவு ஒழுங்காகிறது. அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தே குடிக்கும் சர்க்கரை போட்ட டீயையும், அதோடு வரும் பிஸ்கட், பப்ஸையும் முதலில் விடுங்கள். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டல், முட்டை, கீரை. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை. அப்புறம், மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதினால் உங்கள் அம்மா பதறலாம். இங்கே அது சுழற்சியை ஒழுங்காக்கவும் முடியைக் குறைக்கவும்தான். பின்னால் குழந்தை பிறப்பதை அது தடுக்காது. ஆனால் ரத்த அழுத்தம், கடும் ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். முடி குறைவது தெரிய ஆறு மாதமாவது ஆகும்.

குழந்தை? பெரும்பாலோருக்குப் பிறக்கிறது. தானாக உண்டாகாவிட்டால் முட்டையை வளர்க்க லெட்ரசோல் போன்ற மாத்திரைகள் நன்றாகவே கைகொடுக்கின்றன. ஆனால் கல்யாணம் இதற்கு மருந்தல்ல. அம்மா ஆசையில்தான் சொல்கிறார். அடுத்த முறை அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அவரே கேட்கட்டும்.

இவ்வளவு நாள் கழித்து வரும்போது ரத்தப்போக்கு அதிகமாக இருக்கலாம். மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, 10 ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகளாகப் போனாலோ, தலை சுற்றினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வீட்டுக் காலண்டரில் வந்த தேதி, நின்ற தேதி இரண்டையும் வட்டமிட்டு வையுங்கள். டாக்டரிடம் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அந்தக் காலண்டரையும் எடுத்துப் போங்கள். நான் என்றால் முதலில் அதைத்தான் கேட்பேன்.