மொட்டைமாடி ஒழுகினால் யார் காசு கொடுப்பது?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தில், அதாவது வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பில், பன்னிரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். பெருந்திருத்த வேலைகளின் செலவு பற்றி உங்களில் பலர் கேட்டவற்றுக்கு, அந்த அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

ஐயா, நாங்கள் மேல்மாடியில் இருக்கிறோம். மொட்டைமாடியிலிருந்து மழைநீர் கசிந்து படுக்கையறைச் சுவர் ஊறிவிட்டது. "உங்கள் தலைக்கு மேல் இருப்பதை நீங்களே திருத்துங்கள்" என்கிறார்கள் மற்றவர்கள்.

அம்மா, அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. இலங்கையில் தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் 1982, 2003 திருத்தங்களும்தான் இதற்கு அடிப்படை. கூரை, வெளிச்சுவர், அத்திவாரம், தூண், படிக்கட்டு, பொதுக் குழாய் எல்லாம் பொதுப் பகுதிகள். அவற்றைப் பேணுவது கூட்டுத்தாபனத்தின் கடமை. செலவு ஒவ்வொரு வீட்டின் பங்குப் பெறுமதிக்கு (மொத்தக் கட்டடத்தில் அந்த வீட்டுக்கு ஒதுக்கிய பங்கின் அளவு) ஏற்பப் பிரியும். எத்தனையாம் மாடி என்பது கணக்கிலேயே வராது.

ஆனால் முதலில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யுங்கள். மொட்டைமாடியில் யாராவது தனக்கென்று தண்ணீர்த் தாங்கியோ பூந்தோட்டமோ வைத்து, அதனால்தான் ஒழுகுகிறது என்றால் அந்தச் செலவு அவருடையது. எங்கள் கட்டடத்தில் கூரை என்று நினைத்து இரண்டு தடவை சீமெந்து பூசினோம். கடைசியில் பார்த்தால், அடுத்த வீட்டுக் குளியலறைக் குழாய்.

கீழ்த்தளத்தில் இருக்கும் நாங்கள் ஏன் லிஃப்டுக்குக் கட்டவேண்டும்?

லிஃப்டும் எல்லோருக்கும் பொதுவான சொத்து என்பதால்தான் தம்பி. நீங்கள் ஏறாவிட்டாலும் உங்கள் பங்கு உண்டு. மேல்மாடிக்காரர் உங்கள் வாசலுக்கு முன்னால் உள்ள வடிகாலுக்குக் கட்டுகிறாரே, அதே நியாயம்தான் இதற்கும்.

கொட்டாஞ்சேனையில் மூன்று வருடக் குத்தகையில் இருக்கிறேன். வெளிச்சுவர் திருத்தச் செலவில் பாதியை வீட்டுக்காரர் என்னிடம் கேட்கிறார். கொடுக்கவேண்டுமா?

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்கவேண்டும். அந்த உறுதியை (பத்திரத்தை) எடுத்து வாசியுங்கள். பெருந்திருத்தம் உங்கள் பொறுப்பு என்று அதில் எழுதப்படாதவரை, கட்டடத்தின் கட்டுமானச் செலவு வீட்டுக்காரருடையதுதான். ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கு நடைமுறையில் உள்ள ரோமன் டச்சுச் சட்டத்திலும், வாடகைக்கு விட்ட இடத்தை வசிக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது விட்டவரின் கடமை. கூட்டுத்தாபனத்தில் அங்கத்தவரும் அவரே. பணிவாக, ஆனால் எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

மகன் லண்டனில் 125 வருடக் குத்தகையில் வீடு வாங்கியிருக்கிறான். கூரை வேலைக்கு 9,000 பவுண் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. சொந்த வீடு என்றல்லவா நினைத்தோம்!

இங்கிலாந்தில் வழமை வேறு அக்கா. மகன் வாங்கியது குத்தகைக் காலத்துக்கான உரிமை. கட்டடமும் காணியும் பொதுவாக நில உரிமையாளரிடமே இருக்கும். திருத்துவது அவர், செலவைக் குத்தகைக்காரர்களிடம் சேவைக் கட்டணமாக அறவிடுவதும் அவர். ஆனால் கேட்டதை அப்படியே கட்டிவிடவேண்டாம். அங்குள்ள 1985ஆம் ஆண்டு நில உரிமையாளர், குத்தகைக்காரர் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, ஒரு வேலைக்கு ஒரு குத்தகைக்காரர் 250 பவுணுக்கு மேல் செலுத்தவேண்டி வந்தால் நில உரிமையாளர் முன்கூட்டியே அவர்களுடன் கலந்தாலோசிக்கவேண்டும். வேலையைப் பற்றி அறிவித்துக் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்கவேண்டும், விலை மதிப்பீடுகளைக் காட்டி இன்னொரு 30 நாள் கொடுக்கவேண்டும். அதைச் செய்யாமல், தீர்ப்பாயமும் விலக்கு அளிக்காவிட்டால் ஒரு குத்தகைக்காரரிடம் 250 பவுண் மட்டுமே அறவிடலாம். தொகை நியாயமற்றது என்றாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். குத்தகை உறுதியையும் வந்த அறிவித்தல்களையும் எடுத்துக்கொண்டு அங்குள்ள சட்டத்தரணி ஒருவரை உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டியவர் நான்கு வருடமாக உறுதி தரவில்லை. பம்பு பழுதானால் எங்களிடமே காசு கேட்கிறார்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். தொடர்மாடித் திட்டப்படம் காணிப் பதிவகத்தில் பதிவானால்தான் கூட்டுத்தாபனம் பிறக்கும். அதுவரை பொதுப் பகுதிகள் யாருடைய பொறுப்பு என்பதற்கு உங்கள் கொள்வனவு ஒப்பந்தமே ஆதாரம். எல்லோரும் ஒன்றாகக் கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலில் அவருக்கு எழுதுங்கள், தொடர்மாடிகளை மேற்பார்வையிடும் அரச நிறுவனமான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையிலும் முறையிடுங்கள். கணக்குக் காட்டாதவரிடம் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கடற்கரையோரக் கட்டடம் எங்களுடையது. கீழ்த்தளத் தூண்களில் கொங்கிரீட் உதிர்கிறது. பூசிவிட்டால் போதும் என்கிறார் மேசன்.

போதாது. கடற்காற்றின் உப்பு கொங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் மேற்பூச்சு வெடித்து விழுகிறது. மேலே பூசினால் துரு உள்ளேயே வளரும், இரண்டு மழைக்காலத்தில் மறுபடி உதிரும். முட்டுக் கொடுத்து, கெட்ட கொங்கிரீட்டை நீக்கி, கம்பியைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, பிறகுதான் மூடவேண்டும். தகுதிபெற்ற கட்டமைப்புப் பொறியியலாளரின் எழுத்து அறிக்கை இல்லாமல் எந்த மேசனையும் தூணில் உளி வைக்க விடாதீர்கள்.

காசுதான் சிக்கல் என்பது தெரியும். மாதப் பராமரிப்புக் கட்டணம் காவலாளிக்கும் பொது விளக்குக்குமே சரியாகப் போகும். இதற்கென்று சேமநிதி இல்லாவிட்டால் பொதுக்கூட்டம் கூட்டி, பங்குப் பெறுமதிப்படி விசேட அறவீடு தீர்மானியுங்கள். எங்கள் கட்டடத்தில் சேமநிதிக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் கூட்டச் சொன்னபோது பலர் கோபித்துக்கொண்டார்கள். தூண் வேலை வந்தபோது யாரும் நகையை அடகு வைக்கவேண்டியிருக்கவில்லை.

கூட்டம் கூடும்வரை அந்தத் தூண்களுக்கு அருகில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், வாகனத்தையும் நிறுத்தாதீர்கள். உதிர்ந்த துண்டுகளை வீசிவிடாமல் திகதியோடு படமெடுத்து வையுங்கள். பொறியியலாளர் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.