கேள்வி பதில்: பழைய ஜெட் ஸ்கீயில் கண்ணாடி உடைந்தால்

கேள்வி: என்னிடம் 1990-களின் கடைசியில் வந்த, மூன்று பேர் உட்காரும் ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) இருக்கிறது. டிரெய்லரில் ஏற்றும்போது இடது பக்கக் கண்ணாடி கம்பத்தில் இடித்து நொறுங்கிவிட்டது. பிளாஸ்டிக் கூடு முழுசாக இருக்கிறது. அந்த மாடலுக்குக் கண்ணாடி இப்போது வருவதில்லை என்கிறார்கள். பைக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிடலாமா? இல்லை, வலது பக்கக் கண்ணாடியை மட்டும் வைத்து ஓட்டிக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பைக் கண்ணாடிக்கு நீளமான இரும்புத் தண்டு இருக்கும். உப்புத் தண்ணீரில் அது துருப்பிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அலையில் வண்டியின் மூக்கு குத்திச் சட்டென்று நிற்கும்போது உங்கள் உடம்பு முன்னால் பாய்கிற இடத்தில்தான் அந்தத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். முகம் அதில் போய் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே கண்ணாடியோடு ஓட்டுவதையும் நான் சொல்ல மாட்டேன். சீ-டூ நிறுவனம் 2009 மாடலில் பிரேக் கொண்டுவரும் வரை இந்த வண்டிகளில் பிரேக் என்பதே கிடையாது, உங்கள் வண்டியிலும் இருக்காது. ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நின்றுவிடும், அதோடு திருப்பும் சக்தியும் போய்விடும். உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் வண்டியும் பழையது என்றால் அவருக்கும் அதே கதைதான். நீங்கள் சட்டென்று வேகம் குறைத்தால் அவரால் பிரேக் போட முடியாது, பயத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் விலகவும் முடியாது. அதனால் வேகம் குறைக்கும் முன்பும் திரும்பும் முன்பும் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குக் கண்ணாடி பதில் ஆகாது, ஆனால் எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

சரி, வேலைக்கு வருவோம். கூடு முழுசாக இருக்கிறது என்கிறீர்களே, பாதி வேலை முடிந்த மாதிரிதான். ஆனாலும் வெயிலில் வருஷக்கணக்கில் நின்ற பிளாஸ்டிக்கை நம்பிவிடக் கூடாது. ஸ்க்ரூ ஏறும் இடங்களைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள், கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் இருந்தால் கூட்டையே மாற்ற வேண்டியதுதான், புதுக் கண்ணாடி ஒட்டிப் பயனில்லை.

கூட்டைக் கழற்றி மேஜையில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கழற்றும் முன் உடைந்த கண்ணாடி மேல் அகலமான டேப்பை ஒட்டிவிடுங்கள், கூடு மாட்டியிருக்கும் முன்பக்க மூடிக்கு அடியில் ஒரு துணியை விரித்துவிடுங்கள். கண்ணாடிச் சில்லோ ஒரு சின்ன நட்டோ வண்டியின் அடியில் விழுந்தால், உள்ளே சேரும் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். எங்கே அடைத்தது என்று தேடிக் கண்டுபிடிப்பது கண்ணாடி மாற்றுவதைவிடப் பெரிய வேலை. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் கட்டாயம். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடுகாட்டினால் பழைய பசை இளகும், மீன்பிடி நரம்பை உள்ளே நுழைத்து அறுத்தால் சில்லுகள் டேப்போடு வந்துவிடும்.

கண்ணாடி நொறுங்கிவிட்டதால் அளவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வலது பக்கம் நல்லபடியாக இருக்கிறதே! அதன் மேல் தாளை வைத்து விளிம்பை வரைந்து வெட்டுங்கள். தாளைத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் அதுவே இடது பக்கத்தின் வடிவம். அந்தத் தாளை இடது கூட்டில் வைத்துப் பார்த்து, சுற்றிலும் 1 மில்லிமீட்டர் இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெயிலில் பொருள் விரியும், இடமில்லாமல் இறுக்கி வைத்தால் வளைந்துவிடும்.

எந்தக் கண்ணாடி? அக்ரிலிக், அதாவது முகம் பார்க்கும் பிளாஸ்டிக் கண்ணாடி, எளிதில் உடையாது, அதனால் எனக்குப் பிடிக்கும், ஆனால் 3 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும், மெல்லியது நெளிந்து உருவம் கோணலாகத் தெரியும். அதில் சீக்கிரம் கீறல் விழும், காய்ந்த உப்பைத் துணியால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். வலது பக்கம் குவிந்த கண்ணாடியா என்றும் பாருங்கள். குவிந்தது என்றால் இடதும் குவிந்ததாக இருப்பதுதான் நல்லது, காரின் குவிந்த பக்கக் கண்ணாடியிலிருந்து கண்ணாடிக் கடைக்காரர் அந்த வடிவத்தை வெட்டித் தருவார். ஒன்று சமமாகவும் ஒன்று குவிந்தும் இருந்தால் ஒரே படகு ஒன்றில் அருகிலும் மற்றதில் தூரத்திலும் தெரியும், வேகத்தில் அது குழப்பிவிடும்.

பசை விஷயத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கானை வாங்காதீர்கள், அதிலிருந்து வரும் அமிலம் கண்ணாடியின் பின்பூச்சை அரித்துக் கறுப்பாக்கிவிடும். ‘நியூட்ரல்’ வகை என்று கேட்டு வாங்குங்கள். முழுப் பரப்பிலும் பூசினால் காற்றின் ஈரம் உள்ளே போகாமல் நடுவில் காயவே காயாது, அதனால் திட்டுத் திட்டாக வையுங்கள். பின்பக்க விளிம்பில் மட்டும் மெல்லிசாக ஒரு சுற்று விடுங்கள், உப்புத் தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். கூட்டின் அடியில் வடிகால் ஓட்டை இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். டேப் போட்டுப் பிடித்து இரண்டு நாள் விட்டுவிடுங்கள், அதுவரை தண்ணீரில் இறக்க வேண்டாம்.

கேள்வி: கூட்டைக் கழற்றப் போனால் ஸ்க்ரூவோடு உள்ளே இருக்கும் நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. உடைத்துத்தான் எடுக்க வேண்டுமா?

பதில்: உடைக்க வேண்டாம். முன்பக்கச் சாமான் பெட்டியைக் கழற்றினால் பல மாடல்களில் அடிப்பக்கம் கை எட்டும், அங்கே நட்டைச் சிறிய ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். துரு விடுவிக்கும் எண்ணெயைத் தடவி ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் முயலுங்கள், சுத்தியலால் தட்ட வேண்டாம், பழைய ஃபைபர் மூடியில் விரிசல் விழுந்துவிடும். திரும்பப் போடும்போது எவர்சில்வர் ஸ்க்ரூ, நைலான் வளையம் உள்ள நட், அகல வாஷர், கொஞ்சம் மரைன் கிரீஸ். ஸ்க்ரூ லூஸாகாமல் இருக்கப் போடும் திரவப் பசையை இங்கே போடாதீர்கள், சில பிளாஸ்டிக்கில் அது விரிசல் உண்டாக்கும். கையால் இறுக்கி அதற்கு மேல் கால் சுற்று போதும்.

கேள்வி: பழைய வண்டியைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் முழுக் கண்ணாடிக் கூடு கிடைக்கிறது. என் மாடல் பெயர்தான், வாங்கலாமா?

பதில்: பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பல வருஷம் வண்டி விடுவார்கள், நடுவில் மூடியின் அமைப்பு மாறியிருக்கும். வண்டியின் பின்பக்கம் உடலில் பதித்திருக்கும் அடையாள எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் மாடல் ஆண்டு. அவர் வண்டியின் எண்ணையும் கேட்டு வாங்கி ஒத்துப் பாருங்கள். அப்புறம் இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து, அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இடதா வலதா என்பதையும் அந்தப் படத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.