பிறையும் கிரீடமும்: பழைய ஜெர்மன் வெள்ளி காபி ஸ்பூன்கள், கேள்வி பதில்

பழைய ஜெர்மன் காபி ஸ்பூன் சேகரிப்பைப் பற்றி வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். எந்த ஸ்பூன் கையில் கிடைத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்க அழகை அப்புறம் ரசிக்கலாம்.

பெர்லினில் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் ஆறு ஸ்பூன் வாங்கினேன். பின்னால் பிறை, கிரீடம், 800, ஒரு கழுகு இருக்கின்றன. நிஜ வெள்ளிதானா அக்கா? எந்தக் காலத்தது?

வெள்ளிதான். பிறையும் பேரரசுக் கிரீடமும் ஜெர்மனி முழுவதற்கும் பொதுவான முத்திரை. 1884-ல் சட்டம் இயற்றி, 1888 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 800 என்றால் ஆயிரம் பங்கில் 800 வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. 835, 900, 925 என்றும் பார்க்கலாம். கழுகு பெரும்பாலும் ஹைல்பிரான் நகரத்து ப்ருக்மன் நிறுவனத்தின் அடையாளம்.

வயதுதான் சிக்கல். இங்கிலாந்து வெள்ளியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கும். ஜெர்மனியில் அது கிடையாது. அரசு அதிகாரி சோதித்து முத்திரை குத்தும் வழக்கமும் இல்லை, தயாரிப்பாளரே குத்தி அதற்குப் பொறுப்பேற்கிறார். பிறையும் கிரீடமும் இன்றும் புழக்கத்தில் இருப்பதால், "1888-க்கு முந்தையது இல்லை" என்பதற்கு மேல் அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மற்றபடி வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். வளைந்தோடும் கொடியும் அல்லியும் இருந்தால் 1900-ஐ ஒட்டிய யூகண்ட்ஸ்டில் பாணி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிடியின் ஓரமாக இரட்டைக் கோடு ஓடும் ஆக்ஸ்பர்கர் ஃபாடன் மாதிரியை இன்றுவரை செய்கிறார்கள், அதை வைத்துக் காலம் சொல்ல நான் துணிய மாட்டேன்.

என்னிடம் உள்ளதில் பிறை இல்லை. "13" என்று மட்டும் இருக்கிறது, பக்கத்தில் யாரோ ஒருவரின் பெயர். போலியா?

அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள், உங்களுடையது இன்னும் பழையதாக இருக்கலாம். 1888-க்கு முன்னால் லோட் கணக்கு இருந்தது. 16 லோட் என்றால் சுத்த வெள்ளி. 13 லோட் இன்றைய கணக்கில் 812.5, 12 லோட் என்றால் 750. அந்தப் பெயர் தட்டாருடையதாக இருக்கும். கூடவே ஊர் முத்திரையும் இருந்தால் அதிர்ஷ்டம். ஆக்ஸ்பர்க் நகரத்துக்குப் பைன் காய், நியூரம்பெர்க்குக்கு N.

"90" என்று போட்ட ஸ்பூனைக் காட்டி, 90 சதவீதம் வெள்ளி என்று விற்பவர் சொன்னார். 800-ஐ விட உசத்தியா?

இல்லை, அது முலாம் பூசியது. 12 சாப்பாட்டு ஸ்பூன், 12 முள்கரண்டி, ஆக 24 உருப்படிகளுக்குச் சேர்த்து 90 கிராம் வெள்ளி பூசினார்கள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். பக்கத்தில் இன்னொரு சிறிய எண் இருந்தால், அந்த வகையில் ஒரு டஜனுக்கு எத்தனை கிராம் என்பதைச் சொல்கிறது. 100 என்று இருந்தாலும் முலாம்தான். கைஸ்லிங்கன் ஊரின் டபிள்யூ.எம்.எஃப் நிறுவனத்து ஸ்பூன்களில் இந்த எண்களை நிறையப் பார்க்கலாம். அழகுக்காக வாங்குங்கள், தாராளமாக. வெள்ளி விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

தேய்ந்த முலாமைக் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்பூனைக் கவிழ்த்து, மேசையில் படும் குழியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்கேதான் முதலில் நிறம் மாறித் தெரியும்.

சென்னையில் விசேஷங்களுக்கு ஜெர்மன் சில்வர் குங்குமச் சிமிழ் கொடுக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா மேடம்?

இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவைக்குத்தான் அந்தப் பெயர். 1820-களில் சாக்சனியிலும் பெர்லினிலும் செய்ய ஆரம்பித்தார்கள். ஸ்பூனில் அல்பக்கா, நாய்சில்பர், அர்கெண்டான் என்று எழுதியிருந்தால் அந்தக் கலவைதான், அதில் வெள்ளியே கிடையாது.

முத்திரை தேய்ந்துவிட்டது. ஆசாரியிடம் கொடுத்து உரசிப் பார்க்கலாமா?

வேண்டாம், தழும்பு விழும். காந்தமும் உதவாது, வெள்ளியும் ஒட்டாது, அல்பக்காவும் ஒட்டாது. எடையை வைத்துப் பார்க்கலாம். ஒரு கிராம்வரை துல்லியம் காட்டும் தராசு போதும். ஒரே மாதிரி ஆறு ஸ்பூனைச் சேர்த்து எடை போடுங்கள், 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். ஆறையும் நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு 12 கிராம் அளவுக்குக் காட்டினால் 800 வெள்ளி. 14-ஐ ஒட்டி வந்தால் அல்பக்கா. ஒற்றை ஸ்பூனில் வித்தியாசம் மிகச் சிறியது, ஏமாந்துவிடுவோம்.

அழகான செட் கிடைத்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் யாருடையதோ பெயரின் முதலெழுத்துகள் பொறித்திருக்கின்றன. தேய்த்து எடுத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். கல்யாணச் சீராகப் பெண்ணுக்குக் கொடுத்த வெள்ளியில் அவள் பெயரெழுத்தைப் பொறிப்பது அங்கே வழக்கம். தேய்த்தால் உலோகம் மெலிந்து பள்ளம் விழும், அந்த ஸ்பூனில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள் அடையாளமும் போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1939 பிப்ரவரியில் நாஜி அரசு, யூதர்கள் தங்கள் தங்கம், வெள்ளியையெல்லாம் அரசு அடகுக்கடைகளில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சொற்பமான உருப்படிகளைத்தான் வைத்துக்கொள்ள விட்டார்கள். பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். தப்பியவற்றில் சில அருங்காட்சியகங்களுக்குப் போயின. மியூனிக்கில் உள்ள பவேரிய தேசிய அருங்காட்சியகம் தன்னிடம் இருந்தவற்றின் சொந்தக்காரர்களுடைய வாரிசுகளைத் தேடித் திருப்பிக் கொடுத்துவருகிறது. அப்படித் தேடுகிறவர்களுக்கு இரண்டு எழுத்துகூடத் துப்பாகலாம். வாங்கும்போது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள், சொன்னதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறேன். எதை வாங்கலாம்?

ஹில்டஸ்ஹைம் ரோஜா மாதிரி. பிடி நுனியில் ரோஜாப் பூ இருக்கும். அந்த ஊர் தேவாலயச் சுவரில் படர்ந்த பழைய ரோஜாச் செடியின் நினைவாக வந்தது. 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்தபின் வேரிலிருந்து மறுபடி தளிர்த்த செடி அது. பல நிறுவனங்கள் செய்ததால் இந்த மாதிரி எளிதில் கிடைக்கும். முலாமிலும் உண்டு, எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 10, 11 செ.மீ. இருந்தால் சின்னக் கோப்பைக் காபிக்கான மோக்கா ஸ்பூன், 13, 14 இருந்தால் காபி ஸ்பூன். 800 முத்திரை உள்ளதென்றால், விலை பேசுமுன் எடையை 0.8-ஆல் பெருக்கி அன்றைய வெள்ளி விலையைப் போட்டுப் பாருங்கள். 120 கிராம் செட்டில் 96 கிராம் வெள்ளி.

கறுத்துப் போகிறது, என்ன செய்வது?

அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் போதும். பாத்திரத்தில் தாளை விரித்து, ஸ்பூன்களை அதில் படும்படி வைத்து, சோடா கரைத்த வெந்நீரை ஊற்றுங்கள். குழியில் தங்க முலாம் இருந்தாலோ, வேலைப்பாட்டின் பள்ளங்களை வேண்டுமென்றே கறுப்பாக்கியிருந்தாலோ இந்த முறை வேண்டாம், மெல்லிய துணியால் துடையுங்கள். முட்டை சாப்பிடப் பயன்படுத்தாதீர்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கவே கூடாது, அதிலுள்ள கந்தகம் கறுப்புக் கோடாகப் பதிந்துவிடும். பருத்தி நூலால் கட்டுங்கள்.